வயதான மூளைக்கு ஒட்சிசன்: அமுக்க அறை, வீட்டு மெஷின், அதற்கு முன் பார்க்கவேண்டியவை

கேள்வி சுருக்கமாக இது. மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் 74 வயது அப்பா. நெடுங்காலமாகப் பிறஷரும் சீனியும். ஒரு வருடமாக ஞாபகம் தவறுகிறது, நடையும் பேச்சும் மெதுவாகிவிட்டன. மூளையின் சிறு இரத்தக்குழாய்களில் ஓட்டம் குறைந்திருக்கிறது என்று ஸ்கான் அறிக்கை சொல்கிறது. அமுக்க அறைக்குள் இருத்தி ஒட்சிசன் கொடுத்தால் மூளை திரும்பவும் தெளியும் என்று கனடாவில் இருக்கும் மாமா சொல்கிறார். அதற்குக் காசு சேர்ப்பதா, வீட்டுக்கு ஒட்சிசன் மெஷின் வாங்குவதா, கொரோனா காலத்தில் வாங்கி அயல் வீட்டில் சும்மா கிடக்கும் மெஷினைப் பாவிக்கலாமா?

முதலில் அப்பாவின் விரலில் ஒக்சிமீற்றரை, அதாவது இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவியை, மாட்டிப் பாருங்கள். 96, 97 என்று காட்டினால், மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் ஒட்சிசன் அவருடைய மூளைக்குக் கிட்டத்தட்ட எதையும் கூட்டாது. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் சிவப்புப் பொருள் ஈமோகுளோபின். அதில் ஒரு கிராம் 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும். ஈமோகுளோபின் 13 (100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 13 கிராம்) உள்ள ஒருவருக்கு விரலில் 97 காட்டினால், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறக்குறைய 17.2 மில்லிலீற்றர் ஒட்சிசன் இருக்கிறது. நிமிடத்துக்கு 2 லீற்றர் வீதம் மூக்கில் கொடுத்தால் அது 17.7 ஆகும், அவ்வளவுதான். அதே ஆளுக்கு ஈமோகுளோபின் 9 ஆக இறங்கியிருந்தால் விரலில் அதே 97 தான் காட்டும், ஆனால் இரத்தத்தில் இருப்பது 12 மட்டுமே. ஆகவே ஒட்சிசன் மெஷினின் விலையை விசாரிப்பதற்கு முன்பு இரத்தப் பரிசோதனை அறிக்கையை எடுத்துப் பார்ப்பது புத்தி.

உங்கள் அப்பாவுடையது ஓட்டக் குறைவு. இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்ததால் வந்தது அல்ல. சேனாநாயக்க சமுத்திரக் குளம் நிரம்பி வழிந்தாலும், வாய்க்கால் தூர்ந்துபோனால் கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறாது. மூளையின் உட்பகுதியில் உள்ள வெள்ளைப் பகுதி அப்படியான கடைசி வயல்தான். மேற்பரப்பிலிருந்து நீளமாக இறங்கும் மெல்லிய நாடிகளே அதற்கு இரத்தம் கொடுக்கின்றன. பக்கத்து நாடியுடன் அவற்றுக்குத் தொடர்பு மிகக் குறைவு என்பதால் ஒன்று அடைபட்டால் இன்னொன்று கைகொடுக்காது. பல வருடப் பிறஷரும் சீனியும் இந்த நாடிகளின் சுவரைத் தடிப்பாக்கி உள்வழியை ஒடுக்கிவிடுகின்றன. யோசனையின் வேகமும் நடையும் முதலில் பாதிக்கப்படுவது இதனால்தான். பழைய விசயங்களைச் சரியாகச் சொல்லும் ஒருவர் கடையில் மிச்சக் காசு எண்ணத் தடுமாறுவார்.

ஒட்சிசன் கூடினால் மூளை இரத்தக்குழாய்கள் சுருங்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சாதாரண காற்றமுக்கத்தில் தனி ஒட்சிசனைச் சுவாசித்தால் மூளைக்குப் போகும் இரத்தம் 10 முதல் 15 வீதம் வரை குறையும். காபனீரொட்சைட்டுக்குக் குணம் நேர்மாறு. அது குறைந்தால் குழாய் சுருங்கும், கூடினால் விரியும். இரத்தத்தில் காபனீரொட்சைட்டின் அமுக்கம் ஒவ்வொரு மில்லிமீற்றர் இறங்கும்போதும் மூளை இரத்த ஓட்டம் ஏறக்குறைய 3 வீதம் குறையும். மூளைக்கு ஒட்சிசன் போகட்டும் என்று வயதானவரை வேகமாக ஆழ்ந்து மூச்சிழுத்து விடச் சொல்லும் பயிற்சிகள் தலைச்சுற்றலைக் கொடுப்பது இதனால்தான். மெதுவாக மூச்சு விடுவதில் பிழையில்லை. ஊதித்தள்ளும் பயிற்சி இவருக்கு வேண்டாம்.

இனி மாமா சொல்லும் அமுக்க அறை. இது வேறு சங்கதி, கேட்டவுடன் தள்ளிவிடக்கூடியதும் அல்ல. சாதாரண காற்றமுக்கத்தின் இரண்டு மடங்கு, அதாவது கடலில் 10 மீற்றர் ஆழத்தில் இருக்கும் அமுக்கத்தில், முகமூடி வழியாகத் தனி ஒட்சிசன் கொடுப்பார்கள். ஈமோகுளோபின் ஏற்கனவே நிரம்பிவிட்டதால் மேலதிக ஒட்சிசன் இரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே கரைகிறது. வெறும் காற்றில் 100 மில்லிலீற்றருக்கு 0.3 மில்லிலீற்றர் கரைந்திருக்கும். இந்த அறையில் அது 4 ஐத் தாண்டும். 100 மில்லிலீற்றர் இரத்தத்திலிருந்து மூளை வழமையாக எடுத்துக்கொள்வது 6, 7 மில்லிலீற்றர் என்பதால் இது சின்னத் தொகை அல்ல. குழாய்கள் சுருங்கினாலும் திசுவுக்குப் போய்ச் சேரும் ஒட்சிசன் கூடுகிறது.

ஆனால் அறையை விட்டு வெளியே வந்து சில நிமிடங்களில் அந்தக் கரைந்த ஒட்சிசன் தீர்ந்துவிடும். பிறகு எப்படி நிரந்தரப் பலன் வரும்? இஸ்ரேலில் ஷமீர் மருத்துவ நிலையத்தில் ஷாய் எஃப்ராத்தியின் குழு வைக்கும் விளக்கம் இது: 90 நிமிட அமர்வில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் முகமூடியைக் கழற்றிச் சாதாரணக் காற்றைச் சுவாசிக்க வைக்கிறார்கள். உச்சத்திலிருந்து ஒட்சிசன் சடுதியாக இறங்கும்போது, ஒட்சிசன் தட்டுப்பாடு வந்துவிட்டதாகக் கலங்கள் எடுத்துக்கொண்டு புதிய நுண்குழாய்களை வளர்க்கும் சமிக்ஞைகளைக் கிளப்புகின்றன. அந்த இடைவேளை இல்லாத அறை அவர்கள் செய்த சிகிச்சையைச் செய்யவில்லை. எங்கே விசாரித்தாலும் அமுக்கம் எவ்வளவு, ஒட்சிசன் எத்தனை வீதம், இடைவேளை உண்டா என்ற மூன்றையும் கேளுங்கள்.

காற்றடைத்த பை போன்ற மென்சுவர் அறைகளை இப்போது அழகு நிலையங்களிலும் வைக்கிறார்கள். அவற்றின் அமுக்கம் 1.3 மடங்குதான், உள்ளே இருப்பது பெரும்பாலும் வெறும் காற்று. 21 வீதத்தை 1.3 ஆல் பெருக்கினால் 27. வீட்டில் மூக்குக் குழாயில் 2 லீற்றர் வைப்பதும் கிட்டத்தட்ட அதே 27, 28 தான். இதற்கு மணித்தியாலக் கணக்கில் காசு கொடுப்பது வீண்.

ஆதாரம் எவ்வளவு என்றால், 2020 இல் அந்தக் குழு 64 வயதைத் தாண்டிய 63 பேரில் மூன்று மாதத்தில் 60 அமர்வுகள் கொடுத்து வெளியிட்ட ஆய்வே முக்கியமானது. கவனம், யோசனை வேகம், திட்டமிடும் ஆற்றல் ஆகியவை கூடின, எம்.ஆர்.ஐ. படத்தில் சில பகுதிகளின் இரத்த ஓட்டமும் கூடியது. ஆனால் அவர்கள் ஆரோக்கியமான முதியவர்கள், உங்கள் அப்பாவைப் போல ஸ்கானில் சேதம் தெரிந்தவர்கள் அல்லர். ஒப்பீட்டுக் குழுவைப் போலி அறையில் இருத்தவும் இல்லை. மூன்று மாதம் கிழமைக்கு ஐந்து நாள் வெளிக்கிட்டுப் போய், ஆட்களுடன் பழகி, கவனிக்கப்பட்டதால் மட்டுமே எவ்வளவு முன்னேற்றம் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2021 இல் ஞாபகக் குறைவுள்ள முதியவர்களிடம் செய்த அடுத்த ஆய்வில் இருந்தவர்கள் ஆறே பேர். இரத்தக்குழாய் பாதிப்பால் வரும் மறதிக்கு இந்தச் சிகிச்சை பற்றி ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2012 இல் வெளியிட்ட தொகுப்பு 64 பேர் கொண்ட ஒரேயொரு ஆய்வைத்தான் கண்டுபிடித்தது. போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. மறதி நோய்க்கு இதை அங்கீகரிக்கவில்லை.

ஆகவே என் நிலைப்பாடு: நம்பிக்கை தரும் ஆராய்ச்சி, ஆனால் வயலை ஈடுவைத்துப் போகும் கட்டத்துக்கு இன்னும் வரவில்லை. 60 அமர்வு என்றால் கிழமைக்கு ஐந்தாக 12 கிழமை. கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், தினம் போய்வர முடியாது. அங்கே மூன்று மாதம் தங்க வேண்டும், சென்னை என்றால் செலவு இன்னும் கூடும். திருகோணமலைக் கடற்படையிடம் உள்ள அமுக்க அறை, சுழியோடிகளுக்கு ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்து இரத்தத்தில் நைதரசன் குமிழி கட்டும்போது பயன்படுவது. நம் கடலில் 50 மீற்றருக்குக் கீழே மூழ்கிக் கிடக்கும் ஹேர்மிஸ் என்ற பழைய போர்க்கப்பலுக்கு இறங்குகிறவர்களுக்கு அந்த ஆபத்து நன்றாகத் தெரியும். ஞாபக மறதிக்கு அங்கே கேட்டுப் போவதில் அர்த்தமில்லை.

அப்படியும் போவதாக முடிவெடுத்தால் இவற்றைப் பார்க்காமல் ஏற்றக்கூடாது. நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம். நுரையீரலுக்கு வெளியே காற்றுக் கசிந்திருந்தால் அமுக்கம் இறங்கும்போது உயிருக்கே ஆபத்து. மூக்கைப் பிடித்து வாயை மூடி மெதுவாக ஊதிக் காதைத் திறக்க அவருக்கு முடிய வேண்டும், இல்லாவிட்டால் செவிப்பறை கிழியலாம். மிகக் கூடுதலாக வரும் சிக்கல் காதுதான். தடிமன் பிடித்த நாளில் அமர்வு வேண்டாம். அறைக்குள் சீனி இறங்கும் என்பதால் இன்சுலின் போடுபவர் முன்னும் பின்னும் அளக்க வேண்டும், வெறும் வயிற்றோடு உள்ளே போகக்கூடாது. பிறஷர் ஏறும், இதயம் பலவீனமானவருக்கு நுரையீரலில் நீர் கோக்கும். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் முதலே சொல்லுங்கள், கூடிய ஒட்சிசனே வலிப்பைத் தூண்டக்கூடியது. பல கிழமை தொடர்ந்தால் தூரப்பார்வை மங்கும், பெரும்பாலும் சில கிழமைகளில் திரும்பிவிடும். கண்புரை இருந்தால் அது வேகமாகக் கூடலாம்.

நெருப்பு விசயத்தில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. பருத்தி உடை மட்டும். தலைக்கு எண்ணெய், பாம், வசலின், சென்ட் எதுவும் கூடாது. போன், காதுக்கருவி, லைற்றர் வெளியே. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு தனியார் நிலையத்து அறை தீப்பற்றி ஐந்து வயதுப் பிள்ளை இறந்தது. பயிற்சி பெற்ற ஆள் அமர்வு முழுக்கப் பக்கத்தில் நிற்காத இடத்துக்குப் போகாதீர்கள்.

வாய்க்காலைத் துப்புரவாக்கும் வேலைக்கு வருவோம். அதில் முதலிடம் பிறஷருக்கு. 'வயது போனவருக்குப் பிறஷரைக் குறைத்தால் மூளைக்கு இரத்தம் ஏறாது' என்று சொல்லி மாத்திரையைப் பாதியாக்குகிறவர்கள் உண்டு. பிறஷரை எவ்வளவு இறக்கலாம் என்று 9,361 பேரை எடுத்துச் செய்த ஸ்பிரின்ற் (SPRINT) ஆய்வில் மேல் அளவை 120 க்குக் கீழே வைத்த குழுவில் ஞாபகக் குறைவின் ஆரம்ப நிலை குறைவாகவே வந்தது. அதன் எம்.ஆர்.ஐ. பகுதியில், பிறஷரை நன்றாகக் குறைத்தவர்களின் மூளை இரத்த ஓட்டம் கூடியிருந்தது. ஆனால் அந்த ஆய்வில் சீனி வருத்தக்காரர் சேர்க்கப்படவில்லை. உங்கள் அப்பாவுக்கு எந்த எண் இலக்கு என்பதைக் கிளினிக் வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். நெடுங்காலம் கூடிய பிறஷரில் இருந்த மூளை அதற்குப் பழகிப்போயிருக்கும். கிழமைக் கணக்கில் மெதுவாகத்தான் இறக்க வேண்டும். நாக்குக்குக் கீழே நிபெடிப்பின் என்ற பிறஷர் மருந்தை வைத்துச் சட்டென்று இறக்குவது மூளையின் கடைசி வயல்களை ஒரேயடியாகக் காயவைக்கும்.

வீட்டில் அளக்கும் முறை சரியாக இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பெறுமதி. ஐந்து நிமிடம் பேசாமல் கதிரையில் சாய்ந்திருந்து, கால் நிலத்தில், கை நெஞ்சு மட்டத்தில். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, பின்னேரம் இரண்டு முறை, ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மிச்சத்தின் சராசரியை எடுங்கள். பிறகு படுக்க வைத்து அளந்து, எழும்பி நின்று ஒன்றாம் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் அளவுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அதை எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். விடிய எழும்பியதும் அவர் தள்ளாடுவதற்கும் விழுவதற்கும் அது காரணமாக இருக்கலாம், மாத்திரையின் நேரத்தையோ வகையையோ மாற்ற வேண்டியும் வரலாம். சீனி பார்க்க வெறும் வயிற்றோடு போகும் கிளினிக் நாளில் பிறஷர் மாத்திரையையும் விட்டுவிட்டுப் போய், அங்கே எண் ஏறிக்கிடந்து, மருந்து கூடி, அடுத்த கிழமை தலைசுற்றி விழுவது ஒரு சுற்று. பிறஷர் மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுவிட்டுப் போகலாமா என்று முதலே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உப்பு நாளுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி. கருவாடும் அச்சாறும் சாப்பாட்டில் இருந்தால் கறியில் போடும் உப்பை அளப்பதில் பிரயோசனமில்லை.

நாடித்துடிப்பையும் பாருங்கள். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணும்போது துடிப்பு ஒழுங்கில்லாமல் குழம்பி வந்தால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். இதய மேலறை நடுக்கம் என்றால் அங்கிருந்து இரத்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போய்ப் பாரிசவாதம் வரும். அதற்கு இரத்தம் உறையாத மாத்திரை தேவைப்படும், அஸ்பிரின் போதாது.

சீனிக்கு மெற்போமின் நெடுங்காலம் எடுப்பவர்களில் வைற்றமின் பி12 குறையும். அதனாலும் ஞாபகம் மங்கும், கால் விறைக்கும், நடை தள்ளாடும்; உங்கள் அப்பாவின் குறிகளில் பாதி அதற்குப் பொருந்துகிறது. முழு இரத்தப் பரிசோதனை, பி12, தைரொயிட், சிறுநீரகம் ஆகிய நான்கையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஈமோகுளோபின் ஆண்களுக்கு 13 க்குக் கீழே என்றால் காரணம் தேட வேண்டும். 74 வயது ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைவென்றால் குடலில் எங்காவது கசிகிறதா என்று பார்க்காமல் இரும்பு மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டு இருக்கக்கூடாது. சாப்பிட்டவுடன் பிளேன்ரீ குடிப்பது இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கட்டும்.

ஒட்சிசன் உண்மையாகவே குறையும் நேரம் இரவாக இருக்கலாம். பெருங்குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழும்புவது, காலையில் தலையிடி, பகலில் தூக்கம் என்றிருந்தால் இரவு முழுக்க ஒட்சிசன் ஏறி இறங்குகிறது. பகலில் விரலில் 97 காட்டிக்கொண்டே இருக்கும். இதற்கு வழி முகமூடி வைத்துக் காற்றழுத்தம் கொடுக்கும் சீபாப் மெஷின். ஒட்சிசன் மெஷினை வைத்தால் எண் கூடும், தொண்டை அடைபடுவது நிற்காது.

வீட்டில் நிரந்தரமாக ஒட்சிசன் தேவைப்படுவது யாருக்கு என்றால், ஓய்வாக இருக்கும்போது விரல் எண் 88 அல்லது அதற்குக் கீழே நிற்பவர்களுக்கு, அதுவும் நாடி இரத்தத்தை எடுத்துப் பார்த்து உறுதி செய்த பிறகு. பெரும்பாலும் புகைத்தோ விறகடுப்பின் புகையிலோ நுரையீரல் கெட்டவர்கள். அவர்கள் நாளுக்குக் குறைந்தது 15 மணித்தியாலம் வைத்தால்தான் ஆயுள் கூடும். 88 முதல் 92 வரை வைத்திருப்பதே இலக்கு, 98 ஆக்கப் பார்த்தால் காபனீரொட்சைட்டு தேங்கி மயங்கிவிடுவார்கள். ஒக்சிமீற்றரும் ஏமாற்றும். மருதோன்றி, நெயில் பொலிஷ், குளிர்ந்த விரல் எல்லாம் எண்ணைக் கெடுக்கும். புகை நிறைந்த குசினியில் ஏறும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவையும் அது ஒட்சிசனாகவே காட்டும்.

திடீரென்று வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் கணக்கு முற்றிலும் வேறு. ஒட்சிசன் வைத்துப் பார்ப்போம் என்று ஒரு நிமிடமும் மினக்கெடாதீர்கள். 2017 இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் 8,003 பாரிசவாத நோயாளர்களில், வழமையாக ஒட்சிசன் கொடுக்கப்பட்டவர்களுக்கு, அப்படிக் கொடுக்கப்படாதவர்களை விடப் பலன் எதுவும் கூடவில்லை. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்து, கடைசியாக எத்தனை மணிக்கு அவர் சாதாரணமாக இருந்தார் என்பதைச் சொல்லுங்கள். சீ.டி. ஸ்கான் உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். வாயில் தண்ணீர், மாத்திரை எதுவும் வேண்டாம்.

கடைசியாக, அயல் வீட்டு மெஷின். அப்பாவின் விரல் எண் சரியாக இருந்தால் அது தேவையே இல்லை. எண் குறைந்து வைத்தியர் எழுதிக் கொடுத்தால் மட்டும் பாருங்கள். இந்த மெஷின் காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்து வைக்கும் சியோலைற் மணிகளில் ஓடுகிறது. அந்த மணிகள் ஈரத்தை உறிஞ்சிக் கெடும். கடற்கரைக் காற்றில் வருடக்கணக்காக ஓடாமல் கிடந்த மெஷின் லீற்றர் காட்டும், ஒட்சிசன் வீதம் விழுந்திருக்கும். ஒட்சிசன் அனலைசர் வைத்திருக்கும் திருத்துநரிடம் கொடுத்து அரை மணித்தியாலம் ஓடவிட்டு, 5 லீற்றரில் 90 வீதத்துக்கு மேல் வருகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். இணையத்தில் மலிவாக வரும் '1 முதல் 7 லீற்றர்' சின்ன மெஷின்கள் 1 லீற்றரில்தான் 90 கொடுக்கும், 7 க்குத் திருகினால் 30 க்கு இறங்கும்.

ஓடும் மெஷினென்றால் சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள், கிழமைக்கு ஒருமுறை பின்பக்கப் பஞ்சைக் கழுவி நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். ஒட்சிசனை ஈரமாக்கும் போத்தலில் கொதித்தாறிய நீர், தினமும் மாற்ற வேண்டும். அதன் மூடி சரியாக இறுகாவிட்டால் ஒட்சிசன் அங்கேயே கசிந்துவிடும். குழாய் நுனியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் தாழ்த்திப் பாருங்கள், குமிழி வராவிட்டால் கசிவுதான். மூக்கு காய்ந்தால் வசலின் பூசாதீர்கள், தண்ணீரில் கரையும் ஜெல்லியே பூசலாம். குத்துவிளக்கு, ஊதுபத்தி, காஸ் அடுப்பு மூன்று மீற்றருக்கு அப்பால். 350 வாட்ஸ் மெஷின் நாளுக்கு 15 மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு ஏறக்குறைய 157 யுனிற் கரண்ட். கரண்ட் போகும் இரவுக்கு ஒரு சிலிண்டர் வேண்டும். 10 லீற்றர் கொள்ளளவு, 150 பார் அமுக்கத்தில் நிரப்பியது என்றால் உள்ளே 1,500 லீற்றர், நிமிடத்துக்கு 2 லீற்றரில் பன்னிரண்டரை மணித்தியாலம் வரும். ஆனால் முழுதாகத் தீரும்வரை பாவிக்கக்கூடாது, முள் 20 பாருக்கு வந்ததும் மாற்றுங்கள்; ஆகவே உண்மையில் கிடைப்பது பதினொரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு.